விபூதி, கற்பூரம், குங்குமம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் பூஜைச் சாமான் வாங்குவோர் பையில் விபூதி, கற்பூரம், தாழம்பூ குங்குமம் மூன்றுக்கும் இடமுண்டு. கரிமச் சேர்மம் எது, கனிமச் சேர்மம் எது என்று பிள்ளைகளுக்கு விளக்க இந்த மூன்றே போதும்.

முதலில் விபூதி. பசுஞ்சாணத்தை உருட்டி, வெயிலில் காயவைத்து, உமியைப் பரப்பி மூட்டம் போடுவார்கள். சாணத்தில் இருப்பது பெரும்பாலும் மாடு தின்ற புல்லின் நார், அதாவது கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட கரிமச் சேர்மங்கள். சூடு ஏற ஏற உருண்டை முதலில் கரியாகும். பிறகு அந்தக் கரியும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சரியாக வேகாத உருண்டையை உடைத்தால் நடுவில் கருப்பு நிற்பதைப் பார்க்கலாம். முழுக்க வெந்ததில் எஞ்சும் வெண்சாம்பல், சிலிக்காவும் கால்சியம், பொட்டாசியம் உப்புகளும் கலந்த கனிமப் பொருள். அதை மறுபடி எத்தனை முறை நெருப்பில் இட்டாலும் கருகாது.

கற்பூரம் இதற்கு நேர் எதிர். அதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். எரிந்து முடிந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. சுடருக்கு மேலே ஒரு கிண்ணத்தைப் பிடித்தால் படிகிற கரும்புகைதான் அதிலிருந்த கார்பன்.

ஒரு காலத்தில் கற்பூரம் மரத்திலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் தயாராகிறது. அதனால் அது கரிமச் சேர்மம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. உயிருள்ளவற்றில் மட்டுமே கரிமச் சேர்மங்கள் உருவாகும் என்றுதான் வேதியியலாளர்களும் வெகுகாலம் நம்பினார்கள். 1828இல் ஜெர்மனியின் ஃபிரெடரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பிலிருந்து யூரியாவைத் தயாரித்து அந்த நம்பிக்கையை அசைத்தார். மேலூர்ப் பக்கம் நெல்வயலில் 45 கிலோ மூட்டை பிரித்து வீசுகிறார்களே, அதே யூரியாதான். வயலில் ரசாயன உரம், வேதியியலில் கரிமச் சேர்மம்.

பொருள் எங்கே பிறந்தது என்பதல்ல, கார்பன் எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதே கணக்கு. கார்பன் இருந்தும் கனிமமாகவே எண்ணப்படுபவை சில உண்டு: சுண்ணாம்புக்கல், சோடா உப்பு, கார்பன் டை ஆக்சைடு.

குங்குமத்தில் இரு தரப்பும் கைகோக்கின்றன. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற கரிமச் சேர்மம். வெங்காரமும் படிகாரமும் கனிம உப்புகள். எலுமிச்சைச் சாற்றில் இவற்றைச் சேர்த்து மஞ்சளில் பிசைந்து உலர்த்தும்போது, வெங்காரத்திலுள்ள போரான் குர்குமினோடு பிணைந்து சிவப்பு ஏறுகிறது.

வீட்டிலேயே சோதிக்க நினைக்கும் பிள்ளைகள், பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கரண்டியில் சர்க்கரையையும் உப்பையும் தனித்தனியே சூடாக்கிப் பாருங்கள். சர்க்கரை உருகிப் பழுப்பாகி, கடைசியில் கரியாகும். உப்பு படபடவென்று வெடித்தாலும் வெள்ளையாகவே கிடக்கும். அது உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.