வளர்ந்துவிட்டாள் ஆனந்தி

11 வயதில் நாடறிந்த சின்னத்திரை மணமகள். அந்த முகமே அவிகா கோருக்குப் புதிய வாசலைத் திறந்தது. அந்த முகமே வழியையும் மறித்தது.

2013 டிசம்பர் 25 அன்று 'உய்யாலா ஜம்பாலா' என்ற சிறிய தெலுங்குப் படம் வெளியானது. கோதாவரிக் கரையோரக் கிராமத்தில் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு மாமன் மகனும் அத்தை மகளும் காதலில் விழும் கதை. கதாநாயகன் ராஜ் தருணுக்கு அது முதல் படம். இயக்குநர் விரிஞ்சி வர்மாவுக்கும் முதல் படம். சுவரொட்டியில் இருந்தவர்களில் ஆந்திரக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றுதான். அது மும்பையில் வளர்ந்த ஒரு குஜராத்திப் பெண்ணின் முகம். அவிகா கோருக்கு அப்போது வயது 16.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டிராத ஒரு பெண் தன் முதல் தெலுங்குப் படத்துக்கு முன்பே அங்கே வீட்டுப் பிள்ளை ஆகியிருந்ததற்குக் காரணம் ஒரு டப்பிங் தொடர். இந்தியில் 'பாலிகா வது' என்ற பெயரில் ஓடிய தொடரை மா டி.வி. 'சின்னாரி பெள்ளி கூதுரு' என்று தெலுங்கில் ஒளிபரப்பியது. தமிழ்நாட்டில் அதே தொடர் ராஜ் டி.வி.யில் 'மண் வாசனை' ஆனது. குரல் வேறொருவருடையது. முகம் மட்டும் அவிகாவுடையது. அந்த முகம் மட்டுமே போதுமானதாக இருந்தது.

இந்தியச் சின்னத்திரையின் குழந்தை நட்சத்திரங்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது அத்தியாயம் கிடைப்பதில்லை. மீசை முளைத்தவுடன் பையன்களும், உயரம் கூடியவுடன் பெண்களும் மறக்கப்படுகிறார்கள். அவிகாவின் சிக்கல் வேறு மாதிரியானது. அவரை யாரும் மறக்கவில்லை. மறக்க மறுத்தார்கள் என்பதுதான் சிக்கல்.

2008 ஜூலை 21 அன்று கலர்ஸ் தொலைக்காட்சி பிறந்தது. அதனுடன் பிறந்தது 'பாலிகா வது'. ராஜஸ்தானில் எட்டு வயதில் மணமுடித்து வைக்கப்படும் ஆனந்தியின் கதை. கதையை உருவாக்கியவர் பூர்ணேந்து சேகர், தயாரித்தது ஸ்பியர் ஒரிஜின்ஸ். அன்று வரை இந்தித் தொடர்களை ஆண்டுகொண்டிருந்தவர்கள் பட்டுப்புடவையும் வைரமுமாகப் படுக்கச் சென்ற பணக்கார வீட்டு மாமியார் மருமகள்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, பாவாடை காலில் தடுக்க ஓடிவந்த ஒரு சிறுமி, 'எனக்கு ஏன் கல்யாணம்?' என்ற முகத்துடன் நின்றாள். ஓராண்டுக்குள் கலர்ஸ், பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த ஸ்டார் பிளஸ்ஸை முந்தியது.

தொடரின் பலம் இரு நடிகைகள். ஒருவர், பாட்டி கல்யாணி தேவியாக வந்த சுரேகா சிக்ரி. தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர், மூன்று முறை தேசிய விருது பெற்றவர், 2021-ல் காலமானார். மற்றவர், தொடர் தொடங்கும்போது 11 வயதை மூன்று வாரங்களுக்கு முன்புதான் எட்டியிருந்த அவிகா. சிக்ரியின் இறுகிய முகத்துக்கு எதிரே அந்தச் சிறுமி தடுமாறாமல் நின்றதுதான் தொடரை நிறுத்தியது. அதற்கு நாட்டின் நிலவரமும் துணை நின்றது. 2005-06-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 47 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். (2019-21 ஆய்வில் இது 23.3 சதவீதமாகக் குறைந்தது.) ஆனந்தி கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் பலருக்கு அது சொந்தக் கதை. குழந்தைத் திருமணத்தைக் கண்டிக்கிறதா, அழகுபடுத்துகிறதா என்ற சர்ச்சை 2009-ல் மக்களவை வரை போனது.

2010-ல் கதை ஐந்து ஆண்டுகள் தாவியது. ஆனந்தி வளர்ந்தாக வேண்டும். 12 வயது அவிகா அந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. அவர் இடத்துக்கு 18 வயது பிரத்யூஷா பானர்ஜி வந்தார். சிறுமியாக நீடிக்கவும் முடியாது, பெண்ணாக மாறவும் காலம் வரவில்லை. நாட்டில் அதிகம் பேர் அறிந்த குழந்தை நடிகைக்கு வேலை போனது இப்படித்தான்.

இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குழந்தை நட்சத்திரங்கள் காணாமல் போகிறார்கள். அவிகா காணாமல் போகவில்லை. 2011 ஏப்ரலில் அதே கலர்ஸில் 'சசுரால் சிமர் கா' தொடங்கியது. மூத்தவள் சிமர், இளையவள் ரோலி. ரோலியாக நடித்த அவிகாவுக்கு 14 வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. கதை நகர நகர ரோலிக்கும் கல்யாணம் ஆனது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டு மருமகள்கள். கணவனாக நடித்தவர் அவரைவிடப் பல வயது மூத்த மனீஷ் ராய்சிங்கன்.

இதில் உள்ள முரண் சாதாரணமானதல்ல. 'பாலிகா வது'வில் மணமேடை ஏறியபோது ஆனந்தியும் சிறுமி, நடித்தவரும் சிறுமி. அது தவறு என்று சொல்வதே கதை. 'சிமர்' தொடரில் ரோலி வளர்ந்த பெண்; புடவைக்குள் இருந்தவரோ பள்ளி வயதுப் பெண். முதலாவதற்காக மக்களவையில் குரல் எழுந்தது. இரண்டாவது சத்தமில்லாமல் கடந்துபோனது. குழந்தை மணமகளைக் காட்டி எழுந்து நின்ற தொழில், அதே குழந்தையை இரண்டாவது முறை மணமகளாக்கியபோது அதைப் பதவி உயர்வு என்றே எண்ணியது.

தமிழர்களுக்கு ரோலி அந்நியம் அல்ல. பாலிமர் தொலைக்காட்சியில் 'மூன்று முடிச்சு' என்ற பெயரில் வீடு வீடாக நுழைந்த தொடர் அதுதான். பிற்காலத்தில் பேய், பாம்பு என்று திசை மாறி, நாயகியே ஈயாக மாறும் அளவுக்குக் கதை பறந்தது. அதற்குள் 2016 வந்துவிட்டது. அந்த ஆண்டு அவிகா விலகினார். ரோலியாகத் தொடங்கியபோது 13, விடைபெற்றபோது ஏறத்தாழ 19. அவருடைய பதின்பருவம் முழுவதும் ஒரு தினசரித் தொடரின் அரங்கில் கழிந்தது.

தினசரித் தொடர் என்பது நடிப்புத் தொழிலிலேயே கடுமையான உழைப்பு. வாரத்துக்கு ஐந்து அத்தியாயங்கள் தயாராக வேண்டும். மும்பையில் 12 மணி நேர ஷிப்ட் என்பது வழக்கம். அவிகா நடிக்க வந்த காலத்தில் குழந்தைக் கலைஞர்களுக்கென விரிவான சட்ட விதிகள் இருக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, 2017-ல் விதிகள் வந்தன: ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகச் சேர வேண்டும். விதிகள் வந்த ஆண்டில் அவிகாவுக்கு 20 வயது. அவருக்கு அவை பயன்படவில்லை.

அவர் தனக்கான பாதையைத் தானே கண்டுகொண்டார். அது ஐதராபாத் வழியாகப் போனது. 'உய்யாலா ஜம்பாலா' வெற்றிபெற, 2014-ல் 'லட்சுமி ராவே மா இண்டிகி', 2015-ல் மீண்டும் ராஜ் தருணுடன் 'சினிமா சூபிஸ்த மாவா' வந்தன. 2016 நவம்பரில், பழைய நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டு நாடே வங்கி வாசலில் நின்ற நேரத்தில் வெளியான 'எக்கடிகி போதாவு சின்னவாடா'வும் ஓடியது. ஆனால் அதில் அவர் மூன்று நாயகியரில் ஒருவர்.

இந்தப் பாதையில் அவர் முதல் ஆளும் அல்ல. 'ஷகலக பூம் பூம்' தொடரில் சிறுமியாக வந்த ஹன்சிகா மோத்வானி, 2007-ல் 'தேசமுதுரு' தெலுங்குப் படத்தில் அல்லு அர்ஜுனுக்கு ஜோடியானார், வயது 15. 2011-ல் 'மாப்பிள்ளை' மூலம் தமிழுக்கு வந்து நிலைத்தார். சன் டி.வி.யின் 'மை டியர் பூதம்' தொடரில் நடித்த நிவேதா தாமஸ், 2015-ல் 'பாபநாசம்' படத்தில் கமல்ஹாசனின் மகளாகவும், 2016-ல் தெலுங்கு 'ஜென்டில்மேன்' நாயகியாகவும் வளர்ந்தார். மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. குழந்தையாக நடித்த மொழியில் 'அந்தக் குட்டிப் பெண்' என்ற பார்வை கண்ணைவிட்டு எளிதில் அகலாது. பக்கத்து மொழி அவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவிகாவுக்கோ பக்கத்து மொழியிலும் ஞாபகம் இருந்தது. அதனால் கதவு சீக்கிரம் திறந்தது. வீட்டுப் பெண், முறைப்பெண், துறுதுறுப்பான கிராமத்துப் பெண் என்று உள்ளே இருந்த அறைகளும் சீக்கிரம் முடிந்துவிட்டன.

2016-க்குப் பிறகு தெலுங்கில் ஓர் இடைவெளி விழுந்தது. கலர்ஸுக்கே திரும்பி 'லாடோ' தொடரின் இரண்டாம் பாகத்தில் நடித்தார். 2019-ல் 'கத்ரோன் கே கிலாடி' சாகசப் போட்டியில் கலந்துகொண்டார். அதே ஆண்டு 'ராஜு காரி கதி 3' வந்தது. 2020 அக்டோபரில் இன்ஸ்டாகிராமில் அவர் எழுதியது பலரை நிறுத்திப் படிக்க வைத்தது. முந்தைய ஆண்டு ஓர் இரவு கண்ணாடியில் தன் உடலைப் பார்த்து, பிடிக்காமல், உடைந்து அழுததாகச் சொன்னார். நோய் ஏதும் இல்லை, உடலைத் தான் மதிக்காததுதான் காரணம் என்றும் ஒப்புக்கொண்டார். 13 கிலோ குறைந்த பின் எடுத்த படங்களையும் வெளியிட்டார். 11 வயதிலிருந்து ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் தன்னைத் தானே பார்க்க 22 வயது ஆகியிருக்கிறது.

இந்த மாற்றத்தின் இருண்ட பக்கத்தையும் ஆனந்தியின் வரலாறே சொல்கிறது. அவிகாவுக்குப் பின் அந்த வேடத்தை ஏற்ற பிரத்யூஷா பானர்ஜி 2016 ஏப்ரல் 1 அன்று மும்பையில் மரணமடைந்தார். வயது 24. நாடு முழுவதும் பழகிய ஒரு முகம், ஒரு நடிகைக்கு எந்தப் பாதுகாப்பையும் உறுதி செய்வதில்லை.

இரண்டாவது சுற்றில் அவிகா தேர்ந்தெடுத்த வேடங்கள் முதல் சுற்றிலிருந்து விலகி நிற்கின்றன. 2021-ல் ஜீ5-ல் வந்த 'நெட்' படத்தில் அவர், தன் வீட்டில் ஒளித்து வைக்கப்பட்ட கேமராக்களால் தனக்குத் தெரியாமலேயே கண்காணிக்கப்படும் பெண். எப்போதும் பார்க்கப்பட்டு வளர்ந்த ஒருவருக்குப் பொருத்தமான வேடம். 2022-ல் நாக சைதன்யாவின் 'தேங்க் யூ' எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023-ல் லிப்டில் மாட்டிக்கொள்ளும் இருவரைப் பற்றிய 'பாப்கார்ன்' படத்தில் நடித்ததோடு, அதன் தயாரிப்பிலும் பங்கேற்றார். அதே ஆண்டு ஜூனில், கிருஷ்ணா பட் இயக்கிய '1920: ஹாரர்ஸ் ஆப் தி ஹார்ட்' அவரை இந்தித் திரையில் கதாநாயகி ஆக்கியது. ஆனந்தியாகப் புகழ்பெற்ற மொழியில் நாயகியாக அவருக்கு 15 ஆண்டுகள் பிடித்தன. தெலுங்கில் ஐந்தே ஆண்டுகள் போதுமாக இருந்தன.

இவற்றை வைத்து அவிகாவை முன்னணி நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. பெரிய நாயகர்களின் படங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது அல்ல. பேய்ப் படங்களும் ஓ.டி.டி. தொடர்களும்தான் அவருக்கு அதிகம் கைகொடுத்திருக்கின்றன. ஆனால் குழந்தை நட்சத்திரத்தின் வெற்றியை வேறொரு தராசில் நிறுக்க வேண்டும். 2008-ல் தொடங்கியவர் 2025-லும் 'ஷண்முகா' என்ற தெலுங்குப் படத்துடன் களத்தில் இருந்தார். 17 ஆண்டுகள், இரண்டு மொழிகளில், சின்னத்திரை, வெள்ளித்திரை, செல்போன் திரை மூன்றிலும். அவர் வயதில் பலர் முதல் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

மணக்கோலம் மட்டும் அவரை விட்டபாடில்லை. 2023 டிசம்பரில் ஹாட்ஸ்டாரில் வந்த அவருடைய தெலுங்குத் தொடரின் பெயர் 'வதுவு'. பொருள்: மணமகள். ஒரு மர்மமான வீட்டுக்குள் மருமகளாக நுழையும் பெண்ணின் கதை. ஆனால் ஆனந்தி புகுந்த வீட்டுக்குப் பயந்தாள். இவள் அந்த வீட்டின் ரகசியங்களைத் தோண்டுகிறாள். வளர்ச்சி என்பது சில நேரங்களில் வேடத்தை மாற்றுவதில் இல்லை, அதே வேடத்துக்குள் வேறு ஆளாக நிற்பதில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 30 அன்று கலர்ஸ் தொலைக்காட்சியின் 'பதி பத்னி அவுர் பங்கா' நிகழ்ச்சி அரங்கில் அவிகா கோருக்குத் திருமணம் நடந்தது. அதே சேனல், அதே போன்ற சிவப்பு உடை, சுற்றிலும் கேமராக்கள். இம்முறை தாலி நிஜமானது. மணமகளுக்கு வயது 28.