கம்பு முனையும் காலடியும்

சிலம்பக்காரரும் சிலாட்காரரும் மோதினால் யார் ஜெயிப்பார்? ரந்தாவ் பக்கத்துப் பையன்கள் கேட்கக்கூடிய கேள்விதான். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்குத் தெற்கே, லின்சம் முதலான தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்றால் மேளத்தோடு கம்பு சுழலும். கூப்பிடு தூரத்து மலாய்க் கம்பத்தில் கல்யாணம் என்றால் மணமக்கள் முன்னால் சிலாட் ஆடுவார்கள். இரண்டும் வெளியூர்ச் சரக்கு. கம்பு தமிழ்நாட்டிலிருந்து வந்தது, இங்குள்ள சிலாட் சுமத்ராவிலிருந்து வந்தது.

சிலாட்டை நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுவந்ததில் மினாங்கபாவ் மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்குச் சுமத்ராவிலிருந்து குடியேறிய அவர்களின் தாய்வழிச் சொத்துரிமை வழக்கம் இன்றும் இங்கே நடைமுறையில் இருப்பதுபோல, அவர்களின் சண்டைக் கலையும் தங்கிவிட்டது. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் மலேசியாவின் சிலாட்டும் இந்தோனேசியாவின் பென்சாக் சிலாட்டும் தனித்தனியாக இடம்பெற்றன. உறவுக்காரர்கள் தனித்தனியே பத்திரம் பதிந்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிலம்பம் வந்த வழி வேறு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையுமே திரட்டிக் கப்பல் ஏற்றினார்கள். ஊரோடு வந்தவர்களுடன் ஊர்க்கோயில் வந்தது, கூத்து வந்தது, கம்பும் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே ஒரு கூட்டம் இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. 1801இல் சிவகங்கை மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பினி அரசு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்டவர்களை 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தியது. அவர்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த மண்ணில் படைக்கலப் பயிற்சி எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு எதிரியின் வாயிலிருந்தே வந்த சாட்சி இது.

இனி கம்புக்கு வருவோம். கால் தரையிலிருந்து நெற்றிப்பொட்டு வரை உயரம், சுமார் ஐந்தரை அடி. தமிழ்நாட்டில் உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கிலைத் தேடுவார்கள். சாதாரண மூங்கில் அடிபட்டால் வாய்விட்டுப் பிளந்து சிராய் கிளம்பும். மலாயாக் காட்டில் பிரம்பு கிடைத்தது. உள்ளே பொந்து கிடையாது; வளையும், சட்டென்று பிளக்காது. தோட்டத்து ஆட்களுக்கு அது வசதியாகிப் போனது.

அடிப்பக்கம் ஒரு சாண் விட்டு ஒரு கை, அதற்கு முன்னால் மறு கை. மீதிக் கம்பு முழுவதும் எதிராளியைப் பார்த்து நிற்கிறது. முனை ஒரு மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு இரண்டு சுற்று வந்தால் அதன் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். தேர்ந்த கை இதைவிட வேகமாகச் சுழற்றும். ஆனால் அதே கம்பில், கைப்பிடியிலிருந்து கால் மீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. முனையில் பட்டால் எலும்பு முறியும். கைக்குப் பக்கத்தில் பட்டால் தோள்பட்டை கன்றிப்போவதோடு சரி. அதனால் கம்புக்காரரை எதிர்ப்பவருக்குப் பிழைக்கும் இடம் இரண்டே: வட்டத்துக்கு வெளியே, அல்லது வட்டத்துக்குள் அவர் மார்போடு ஒட்டி. நடுவில் நின்றால் தொலைந்தார்.

சிலம்ப ஆசான்கள் கையைவிடக் காலை முதலில் பழக்குவதற்குக் காரணம் இதுதான். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு உடனே கம்பு கிடைக்காது. தரையில் கோடு கிழித்து, முன்வைப்பு, பின்வாங்கல், பக்கம் மாறல் என்று காலடி மட்டும் நடக்கும். முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், குதிகால் தரையில் ஒட்டக் கூடாது, பார்வை தரைக்குப் போகக் கூடாது. சலித்துப்போய்ப் பாதியில் நின்றுவிடுபவர்கள் அநேகம். தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் வீச்சு, அதற்குப் பிறகு வாரல், தடுப்பு, பாவலா எல்லாம். காலடி கூடாதவனின் கம்பு எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், எதிராளி ஓரடி விலகியதும் காற்றைத்தான் அடிக்கும்.

மினாங்கபாவ் சிலாட்டிலும் பயிற்சியின் அச்சாணி லங்கா என்னும் காலடியே. மூன்றடி, நான்கடி என்று அதற்கும் கணக்கு உண்டு. சிலம்பக்காரர் நிமிர்ந்து நின்று தூரத்தைக் காப்பார்; மினாங்கபாவ் சிலாட்டின் ஒரு வகையான புலிச் சிலாட்டில் பழகியவர் தரையோடு பதுங்கித் தூரத்தைத் தின்பார். முன்னவருக்கு வட்டத்தின் விளிம்பு சாதகம், பின்னவருக்கு வட்டத்தின் மையம். திறந்த களத்தில் கம்புக்காரர் பக்கம் பந்தயம் கட்டலாம். லயத்து வீட்டு நடைக்குள் இருவரையும் விட்டால் கம்பு சுவரில் இடித்து நிற்கும், சிலாட்காரர் கை ஓங்கும். இந்தச் சங்கடம் சிலம்பத்தாருக்கும் தெரிந்ததே. நெருக்கத்துக்கென்று மான்கொம்பு, குறுந்தடி, வெறுங்கைக் குத்துவரிசை எல்லாம் அதே பாடத்தில் சேர்ந்திருக்கின்றன.

தோற்றக் கதை பேசினால் நம்மவர்களுக்குக் கொஞ்சம் ரத்தம் சூடாகும். காஞ்சிப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பது 2011இல் வந்த 7ஆம் அறிவு படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த சேதி. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று சொல்லும் பழைய மரபும் உண்டு. இரண்டிலும் சண்டைக் கலை பற்றிப் பேச்சே இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷாவோலின் மடத்தில் பத்தாண்டுக்கு மேல் பயின்ற செங் சொங்யூ அந்த மடத்துக் கம்பு வித்தை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கம்பை அருளியவராகச் சொல்லப்படுபவர் கின்னரர் என்னும் தெய்வம். கின்னரரும் இந்தியச் சரக்குதான் என்று யாராவது ஆறுதல் பட்டுக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சிலம்பத்துக்கும் அகத்தியர், முருகன் என்று கதைகள் உண்டு. ஜூடோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கானோ ஜிகோரோ என்பவர் 1882இல் தோக்கியோவில் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார் என்று ஆண்டோடு சொல்லலாம். பழைய ஜூஜுட்சுவிலிருந்த ஆபத்தான குத்துகளையும் உதைகளையும் அவர் அன்றாடப் பயிற்சிச் சண்டையிலிருந்து ஒதுக்கினார். மீதி இருந்த எறிதலையும் பிடியையும், எதிர்த்துத் திமிறும் ஆளிடம் முழு பலத்தோடு நாள்தோறும் பழகச் செய்தார். கொல்லும் வித்தையைக் காற்றில் பழகியவரைவிட, கொல்லாத வித்தையை ஆள்மேல் பழகியவர் களத்தில் தேறினார். தாய்லாந்தின் முவே தாய் இன்றும் மதிக்கப்படுவதற்கும் காரணம் வயதல்ல. அங்கே வாராவாரம் மேடையில் ஒருவரை ஒருவர் நிஜமாகவே அடிக்கிறார்கள். 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில், கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங் தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை வீழ்த்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. தாய்ச்சியின் தொன்மை அங்கே துணைக்கு வரவில்லை.

இந்த உரைகல்லில் சிலம்பம் தேறுமா? பாதி தேறும். திருவிழாவில் நாம் கைதட்டுவது அலங்கார வீச்சுக்கு. தீப்பந்தம், இரட்டைக் கம்பு, கண்ணைக் கட்டிக்கொண்டு சுழற்றுவது எல்லாம் அந்த வகை. கல்யாண வீட்டுச் சிலாட்டும் அதற்கு அண்ணன் தம்பி முறை. எதிரே ஆள் இல்லாததால் அதில் சண்டைத் திறன் வளராது. ஆனால் சிலம்பத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு: தொடுமுறைப் போட்டி. பழைய வழக்கத்தில் கம்பு முனையில் ஒட்டும் பொடியைத் தடவிக்கொண்டு இறங்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் உடம்பில் விழுந்த தடங்களை எண்ணினால் முடிவு தெரிந்துவிடும். புருவ மத்தியில் பொட்டு வைத்துவிட்டால் அதோடு ஆட்டம் தீர்ந்தது. கால்களுக்கு நடுவே பணமுடிப்பை வைத்து, எதிராளி தட்டிவிடாமல் காப்பதும் ஒரு போட்டி. எல்லாவற்றிலும் எதிரே ஓர் ஆள் நின்று, உங்களைத் தொடத் துடித்துக்கொண்டிருப்பார். நடுவரின் தயவைவிட உடம்பில் விழுந்த தடம் நேர்மையானது என்பது என் கட்சி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயத்து மக்கள் டவுன் பக்கம் நகர்ந்ததில் கோயில் திடல் பயிற்சிகள் குறைந்துபோயின. இப்போது தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் குடியிருப்புத் திடல்களிலும் சீருடை போட்ட பிள்ளைகள் பழகுகிறார்கள், பெண்பிள்ளைகளும் நிறைய. தமிழ்நாடு அரசு 2021இல் வேலைவாய்ப்புக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிகளில் தனி வீச்சுக்கும் தொடுமுறைக்கும் தனித்தனிப் பதக்கங்கள். தொடுமுறைக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் வேண்டும், இரண்டும் விலை. அதனால் பல வகுப்புகள் தனி வீச்சோடு நிறுத்திக்கொள்கின்றன. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், ஆசான் எத்தனை தலைமுறை வாரிசு என்று விசாரிப்பதற்கு முன்னால் மண்டபத்து மூலையில் கவசங்கள் கிடக்கின்றனவா என்று பார்க்கலாம். கிடந்தால், அவை அடிபட்டு நசுங்கியிருக்கின்றனவா என்றும்.