ஆஃப்ரோடு போய் வந்ததும் வண்டிக்கு அடியில் 'டொக் டொக்' சத்தமா? வீட்டிலேயே போல்ட் டைட் வைக்கும் முன் இதைப் படிங்க!

வார இறுதியில் மலைப்பாதை, ஆற்று மணல் என ஒரு சுற்று. திங்கட்கிழமை ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் வண்டிக்கு அடியில் 'டொக் டொக்' சத்தம். ஜீப், தார், ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். இதற்கு ஒரு முக்கியக் காரணம், தளர்ந்துபோன சஸ்பென்ஷன் போல்ட். "ஸ்பேனரை எடுத்து நல்லா இறுக்கிட்டா முடிஞ்சுது" என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

போல்ட் ஏன் தளர்கிறது?

போல்ட்டை இறுக்கும்போது அது ஸ்பிரிங் போல மிக லேசாக நீளும். அந்த இழுவிசைதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. கரடுமுரடான பாதையில் தொடர்ந்து அடி விழும்போது பாகங்கள் பக்கவாட்டில் நழுவி, நட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். புதிய பாகம் மாட்டியிருந்தால், அது தன் இடத்தில் படிந்ததும் பிடி குறையும். அதனால்தான் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி செக் பண்ணச் சொல்கிறார்கள்.

எது தளர்ந்தால் என்ன ஆகும்?

* யூ போல்ட்: பழைய ஜீப்களில் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டிப் பிடிப்பது இதுதான். இது தளர்ந்தால் மொத்த பாரமும் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டில் விழும். அது முறிந்தால் ஆக்சிலே இடம் மாறிவிடும்.

* டிராக் பார் போல்ட்: ஜிம்னி, ரேங்ளர் போன்ற வண்டிகளில் ஆக்சில் பக்கவாட்டில் அசையாமல் தடுப்பது டிராக் பார். முன்பக்கம் இது லூஸானால், வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறலாம்.

முதலில் உயிர் முக்கியம்

ஜாக் என்பது வண்டியைத் தூக்க மட்டுமே. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமமான சிமென்ட் தரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு, ஜாக் ஸ்டாண்ட் நாலும் கட்டாயம். செங்கல், ஹாலோ பிளாக்கை அடுக்கி முட்டுக் கொடுப்பது ஆபத்து. அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

பலரும் செய்யும் தவறு

சஸ்பென்ஷன் ஆர்ம்களின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழாய் அப்படியே லாக் ஆகிவிடும். அதன்பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான்.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஃபுல் டைட் வைத்துவிட்டு வண்டியை இறக்கினால் என்ன ஆகும்? சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரமே கிழிந்துவிடும். பழைய சத்தம் திரும்ப வரும், புஷ் செலவும் சேரும்.

தூக்கிய நிலையில் போல்ட்டைப் பாதி மட்டும் இறுக்குங்க. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின் ஃபுல் டைட் வைப்பதே சரி.

எவ்வளவு இறுக்கணும்?

கைக்கணக்கு வேண்டாம், டார்க் ரெஞ்ச் தேவை. 100 நியூட்டன் மீட்டர் என்றால், ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ எடை தரும் திருகுவிசை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்க.

* மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெய் விட வேண்டாம். உராய்வு குறைந்து, அதே அளவிலேயே போல்ட் கூடுதலாக இழுபடும்.

* யூ போல்ட்டின் நான்கு நட்களையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கணும்.

* கழற்றிய நைலான் லாக் நட்டுக்குப் பதில் புதுசு போடுவதே நல்லது.

* இறுக்கிய பின் நட்டிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்க. அடுத்த ட்ரிப் முடிந்ததும் கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

போல்ட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தாலும், மரை வழுக்கினாலும், இறுக்கிய பிறகும் சத்தம் தொடர்ந்தாலும் வீட்டு வேலை அத்தோடு போதும். வீல் அலைன்மென்ட்டுக்கான போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.