மென்பொருளைப் புதுப்பித்ததும் வீடியோவின் அளவு மாறிவிட்டதா? அழித்துவிடாதீர்கள்!

 

தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்தும், எடிட்டிங் செய்தும் குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்கள் முடித்துத் தரும் நிக்காஹ் வீடியோவுக்காக வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தங்கள் காத்திருக்கிறார்கள். விடுப்புக் கிடைக்காமல், பெற்ற மகளின் நிக்காஹை வீடியோவில்தான் பார்க்க வேண்டிய வாப்பாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பாதி முடிந்த அந்த வேலையை, எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் திறந்தால் சில நேரம் பகீரென்று இருக்கும். மாப்பிள்ளையின் தலை திரைக்கு வெளியே போயிருக்கும். அல்லது படம் நடுவில் சுருங்கிச் சுற்றிலும் கறுப்பாக நிற்கும். அல்லது முகங்கள் அகன்று தெரியும். கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. வாரக்கணக்கான உழைப்பு அதில் வீணாகிறது.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருட்கள் எடிட்டிங் செய்யும்போது கேமராவில் பதிவான அசல் கோப்பை மாற்றுவதில்லை. 'இந்தப் படத்தை இந்த அளவில் காட்டு' என்ற குறிப்பை மட்டும் புராஜெக்ட் கோப்பில் எழுதி வைக்கின்றன. புதுப்பித்தபோது மாறியது அந்தக் குறிப்பாக இருக்கும், அல்லது அதை மென்பொருள் படிக்கும் விதமாக இருக்கும். அசல் பத்திரமாக இருக்கும்வரை சரிசெய்ய வழி உண்டு.

அளவுக் கணக்கு

வீடியோ என்பது பிக்சல் என்னும் சிறு புள்ளிகளால் ஆனது. ஃபுல் எச்டி படம் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டது. 4கே என்று நாம் சொல்லும் அல்ட்ரா எச்டி படம் 3840 அகலம், 2160 உயரம். அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்.

இன்று ஒரே கல்யாணத்தில் மூன்று நான்கு வகைப் படங்கள் கலக்கின்றன. பெரிய கேமரா 4கே, இன்னொரு கேமரா ஃபுல் எச்டி, தோழர்கள் செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது 1080 அகலமும் 1920 உயரமும். இவை எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் வைக்கும்போது, எதைச் சுருக்குவது, எதை விரிப்பது என்று மென்பொருள் ஒரு விதிப்படி முடிவு செய்கிறது. அந்த விதி மாறினால் படமும் மாறும்.

தோற்றத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். ஃபுல் எச்டி டைம்லைனில் 4கே படம் சுருக்கப்படாமல் உட்கார்ந்தால் நடுவிலுள்ள கால் பங்குதான் தெரியும். தலை வெட்டுப்படுவது இதனால்தான். 4கே டைம்லைனில் ஃபுல் எச்டி படம் விரிக்கப்படாமல் இருந்தால் அது நடுவில் சிறிதாக நிற்கும். நிமிர்ந்த செல்போன் படம் முழுதும் தெரியும்படி ஃபுல் எச்டிக்குள் அடங்கினால், 1920 புள்ளி அகலத்தில் சுமார் 608 புள்ளிகளைத்தான் நிரப்பும். இரு பக்கமும் கறுப்பு விழுவது பழுதல்ல. முகம் நீண்டோ அகன்றோ தெரிந்தால், அகலமும் உயரமும் வெவ்வேறு விகிதத்தில் இழுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

பிரீமியர் புரோவில்

அடோபி பிரீமியர் புரோவில் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'மீடியா' என்ற இடத்தில் 'டிஃபால்ட் மீடியா ஸ்கேலிங்' என்று ஒரு அமைப்பு உண்டு. புதிய பதிப்பு நிறுவும்போது பழைய விருப்ப அமைப்புகள் கூடவே வராமல் போகலாம். அப்போது இது 'நன்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பின் உள்ளே கொண்டுவரும் 4கே படங்கள் ஃபுல் எச்டி டைம்லைனில் பெரிதாகத் தெரியும். இந்த அமைப்பை மாற்றினால் இனி வரும் படங்களுக்குத்தான் பலிக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை அப்படியேதான் இருக்கும். 'மாற்றியும் சரியாகவில்லையே' என்று பலர் குழம்புவது இங்கேதான்.

ஏற்கெனவே டைம்லைனில் உள்ள படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து 'செட் டு ஃபிரேம் சைஸ்' கொடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பெயர் சற்று மாறலாம். இதன் அருகிலேயே 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' என்று ஒன்று இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே பலன் தரும், ஆனால் வேறுபாடு பெரிது. 'செட்' என்பது ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றும். 4கே படத்துக்கு அது 50 என்று காட்டும். பிறகு முகத்தைப் பெரிதாக்கினாலும் அசலின் தெளிவு கிடைக்கும். 'ஸ்கேல்' என்பது படத்தை டைம்லைன் அளவுக்குக் குறைத்துவிட்டு எண்ணை 100 என்றே காட்டும். அதன்மேல் பெரிதாக்கினால் படம் மங்கும்.

ஓர் எச்சரிக்கை: நீங்கள் கையால் அளவு வைத்து, நகர்த்தி அமைத்த படங்களை இந்தத் தேர்வில் சேர்க்காதீர்கள். அந்த அளவுகள் மாறிவிடும்.

டாவின்சி ரிசால்வில்

இங்கே 'புராஜெக்ட் செட்டிங்ஸ்' சென்று 'இமேஜ் ஸ்கேலிங்' பாருங்கள். அளவு பொருந்தாத படங்களை என்ன செய்வது என்பதற்கு நான்கு வழிகள் இருக்கும்: அளவை மாற்றாமல் நடுவை மட்டும் காட்டுவது, சட்டம் நிரம்ப விரித்து மிஞ்சியதை வெட்டுவது, முழுப் படமும் தெரிய அடக்குவது, நான்கு மூலைக்கும் இழுப்பது. பெரும்பாலான வேலைகளுக்கு மூன்றாவதே சரி. நான்காவதைத் தேர்ந்தால் முகங்கள் உருமாறும். ஒரு படத்துக்கு மட்டும் வேறு விதி வேண்டுமானால், 'இன்ஸ்பெக்டர்' பகுதியில் 'ரீடைம் அண்ட் ஸ்கேலிங்' என்ற இடத்தில் தனியாக வைக்கலாம்.

ரிசால்வின் இலவசப் பதிப்பே அல்ட்ரா எச்டி வரை வீடியோ வெளியிடும். உரிமம் வாங்க வசதியில்லை என்று திருட்டு மென்பொருளை நாட வேண்டியதில்லை. உழைத்துச் சம்பாதிக்கும் காசு ஹலாலாகவே இருக்கட்டும்.

பழைய கேசட்டுகள்

உம்மா, வாப்பாவின் நிக்காஹ் வீடியோ கேசட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. குற்றாலச் சாரல் காலத்து ஈரப்பதம் கேசட்டுக்கு ஆகாது; நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கணினிக்கு மாற்றி வைப்பது நல்லது. மறைந்துபோன பாட்டனாரின் நடையும் குரலும் அந்த ஒரே நாடாவில்தான் இருக்கக்கூடும்.

மாற்றிய கோப்பு பெரும்பாலும் 720 அகலம், 576 உயரம் கொண்டிருக்கும். இதிலுள்ள புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்றே அகலமானவை. எவ்வளவு அகலம் என்பதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். 2008இல் அடோபி தன் சிஎஸ்4 பதிப்பில் இந்தக் கணக்கை மாற்றியது. அதுவரை 1.067 என்று இருந்த விகிதம் 1.094 ஆனது. 768 புள்ளி அகலமாகக் கணக்கிடப்பட்ட சட்டம் 788 ஆக விரிந்தது. பழைய கணக்குப்படி 768 அகலத்தில் செய்து வைத்த தலைப்பு அட்டைகளின் இரு ஓரத்திலும் பத்துப் பத்துப் புள்ளிகள் கறுப்பாகத் தெரிந்தன.

பலர் இதைக் கோளாறு என்று நினைத்தார்கள். உண்மையில் பழைய கணக்கில்தான் பிழை இருந்தது. 720 புள்ளிகளில் இரு ஓரங்களிலும் உள்ள சில புள்ளிகள் படத்தின் 4:3 பகுதியைச் சேர்ந்தவை அல்ல என்பதைப் புதிய கணக்கு சேர்த்துக்கொண்டது. புதுப்பித்தல் எதையும் கெடுக்காமலேயே பழைய வேலை மாறித் தெரியலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். இன்றும் கேசட் படத்தில் முகம் ஒடுங்கியோ அகன்றோ தெரிந்தால், ஸ்கேல் எண்ணைத் திருகாதீர்கள். பிரீமியரில் 'இன்டர்பிரட் ஃபுட்டேஜ்', ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' சென்று 'பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ' சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுப்பிக்கும் முன்

1. கையில் பாதி வேலை இருக்கும்போது புதுப்பிக்காதீர்கள். ஒப்படைத்த பிறகு செய்யுங்கள்.

2. புராஜெக்ட் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். ரிசால்வில் புராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுங்கள். புதிய பதிப்புக்கு மாறிய லைப்ரரியைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது.

3. டைம்லைன் அளவு, ஸ்கேலிங் அமைப்பு இரண்டையும் தாளில் குறித்து வையுங்கள், அல்லது திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

4. புதுப்பித்த பின் நகலை மட்டும் திறந்து, ஒரு நிமிட வீடியோவை வெளியிட்டுப் பாருங்கள். எடிட்டிங் திரையில் தெரிவதும் வெளிவருவதும் வேறாக இருக்கலாம்.

5. அசல் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளிலாவது இருக்கட்டும்.

அமானிதம்

எடிட்டிங் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணினியில் இருப்பது பல வீட்டுப் பெண்களின் படங்கள். அவை உங்களிடம் தரப்பட்ட அமானிதம். சிக்கல் வந்தால் முகம் தெரியாதவருக்குப் புராஜெக்ட்டை அப்படியே அனுப்பி உதவி கேட்காதீர்கள். ஐந்தருவியைச் செல்போனில் எடுத்த பத்து விநாடிப் படம் ஒன்றை அதே டைம்லைனில் போட்டுப் பாருங்கள். படத்தின் அளவு ஒன்றாக இருந்தால் அதே கோளாறு அதிலும் பெரும்பாலும் தெரியும். அதைக் காட்டி உதவி கேளுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வீடியோ இரண்டு நாள் தாமதமானால் அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேசிய கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். அதே நேரத்தில், முடிந்த வீடியோவுடன் அசல் கோப்புகளையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் எத்தனை முறை மாறினாலும், அசல் உங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.