பிடிக்க அனுமதி உண்டு. திருப்பி விட்டால் யார் பொறுப்பு?

நெய்யாற்று முதலைகள் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: கேரளத்தின் விழிஞ்ஞம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது, 2025-ம் ஆண்டு மே 2-ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சரக்குப் பெட்டகத் துறைமுகம்தான். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பூவாறு என்னும் ஊரில் நெய்யாறு கடலில் கலக்கிறது. அகத்திய மலையில் பிறக்கும் அந்த ஆற்றைத் தமிழக மக்கள் வேறொரு காரணத்துக்காக நன்கு அறிவர். இடதுகரைக் கால்வாய் வழியாகக் குமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தண்ணீர்த் தகராறு அளவுக்குப் பேசப்படாத இன்னொரு வழக்கும் நெய்யாற்றுக்கு உண்டு. அது அணைக்கு மேலே வாழும் முதலைகளைப் பற்றியது.

நெய்யாறு நீர்த்தேக்கத்தின் கரையில் 1977-ம் ஆண்டு கேரள வனத் துறை முதலை வளர்ப்புப் பண்ணை ஒன்றை அமைத்தது. அழிவின் விளிம்பில் இருந்த சதுப்புநில முதலைகளைப் பாதுகாப்பாக வளர்த்து, பிறகு நீர்நிலையில் விடுவது திட்டம். அதன்படி முதலைகள் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. அவை பிழைத்தன, வளர்ந்தன. உயிரியல் கணக்கில் அது வெற்றி. ஆனால் அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் மனிதர்களும் வாழ்ந்தனர். குளிக்கவும், துணி துவைக்கவும், மீன் பிடிக்கவும் அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. முதலைகளின் தாக்குதலில் பலர் காயமடைந்தனர். மக்களின் எதிர்ப்பு வலுத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் ஒரு விலங்கிடம், துணி துவைக்கும் பெண்ணை விலக்கிவிட்டு மீனை மட்டும் தின்னுமாறு எந்த அரசாணையாலும் கூற முடியாது.

நெய்யாற்றில் முதலைகளை மீண்டும் குடியேற்றிய திட்டத்தை ஆராய்ந்த கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தினரின் கட்டுரை 2006-ல் ஓர் அறிவியல் இதழில் வெளியானது. மனிதர்-முதலை மோதலையும் அது பதிவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டே மாநில அரசு அந்த முதலை மையத்துக்கு ஆஸ்திரேலியாவின் மறைந்த முதலை நிபுணர் ஸ்டீவ் இர்வினின் பெயரைச் சூட்டியது. தங்களிடம் அனுமதி பெறவில்லை என்று அவரது மனைவி ஆட்சேபம் தெரிவித்ததால் 2009-ல் பெயர் நீக்கப்பட்டது. பெயர் வைப்பதற்குக் கூட அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்றால், ஊராரின் குளிக்கும் துறையில் முதலையை விடுவதற்கு யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் என்ற கூரிய நீள்மூக்கு முதலை, கடலாமைகள் ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. சட்டத்தின் பார்வையில் 'வேட்டை' என்பது கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் வேட்டையே. ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டையே. முதல் அட்டவணை உயிரினமாயின் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. விழிஞ்ஞம் மீனவர் வலையில் சிக்கும் ஆமைக்கும் இதுவே பொருந்தும்.

இந்தத் தடைக்கு விலக்கு அளிப்பது 12-வது பிரிவு. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, அறிவியல் மேலாண்மை, அங்கீகரிக்கப்பட்ட உயிரியல் பூங்காக்களுக்கான சேகரிப்பு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்தல் ஆகியவற்றுக்காக மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி வழங்கலாம். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை.

இயற்கையிலிருந்து எடுப்பதற்கு இத்தனை பூட்டுகள். எடுத்து வளர்த்ததைத் திரும்ப விடுவதற்கு? 'அறிவியல் மேலாண்மை' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், பொருத்தமான மாற்று வாழிடத்துக்கு விலங்குகளை இடம் மாற்றுதலும் அடங்கும். எது பொருத்தம், அதை முடிவு செய்வதில் கரையோர மக்களுக்கு இடம் உண்டா என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

முட்டையில் தொடங்கிய திட்டம்

இந்திய முதலைத் திட்டம் 1975-ல் ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு, அணைகளால் வாழிடம் இழந்து, நாட்டில் கரியால்கள் 200-க்கும் குறைவாகவே எஞ்சியிருந்த காலம் அது. முறை எளிமையானது. ஆற்று மணலில் முதலை இடும் முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்து, குட்டிகள் சுமார் 4 அடி நீளம் வளர்ந்ததும் ஆற்றில் விடுவது. இயற்கையில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை நரிக்கும் கழுகுக்கும் மீனுக்கும் இரையாகிவிடுவதால், அந்த ஆபத்தான பருவத்தை மட்டும் மனிதன் காவல் காப்பது என்பதே அதன் தத்துவம். தமிழகத்தில் உடுமலைப்பேட்டை அருகே அமராவதி அணையில் உள்ள பண்ணை இந்த முறையில் இயங்கியதே. நீர்த்தேக்கத்தைச் சுற்றி இயற்கையாக இடப்பட்ட முட்டைகள் சேகரிக்கப்பட்டு அங்கே பொரிக்க வைக்கப்பட்டன.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில் நடந்தது திட்டமிட்டவர்களே எதிர்பாராதது. சதுப்புநில முதலைகள் அடைப்பில் ஒரே ஆண்டில் இருமுறை முட்டையிடத் தொடங்கின. முட்டை எந்த வெப்பநிலையில் பொரிக்கிறது என்பதே குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதும், 32.5 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆண் குட்டிகள் மிகுதி என்பதும் அங்கே நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அறிவியல் வளர்ந்தது, முதலைகளும் பெருகின. ஆனால் விடுவதற்கு ஆறு இல்லை. நெய்யாறு போன்ற அனுபவங்களுக்குப் பிறகு எந்த மாநிலமும் முதலைகளை வரவேற்கவில்லை. 1990-களின் நடுப்பகுதியில் இயற்கையில் விடுவதே நின்றுபோனது. இனத்தைக் காக்கப் பிறந்தவை தொட்டிகளிலேயே கிழமாயின. பண்ணையிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள தனியார் விலங்குகள் மையத்துக்கு அனுப்ப அனுமதி வழங்கப்பட்டபோது, அதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தள்ளுபடி செய்தது. இடநெருக்கடியே பண்ணை கூறிய காரணம் என்பது குறிப்பிடத்தக்கது.

கரியாலின் கதை இதற்கு நேர்மாறானது. ஆயிரக்கணக்கில் வளர்த்து விடப்பட்டன. திட்டம் நோக்கத்தை அடைந்துவிட்டது என்று கூறி 1991-ல் மத்திய அரசு நிதியை நிறுத்தியது. சம்பல் ஆற்றில் சில ஆண்டுகள் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. மீண்டும் எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கை சரிந்திருந்தது. 2007-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அபாயநிலைப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவை மடிந்தன. மணல் அள்ளப்படும் ஆற்றில், வலை விரித்த ஆற்றில், விட்டவை எப்படித் தங்கும்?

எடுத்த இடத்திலேயே விடுபவர்கள்

இதே சட்டத்தின் கீழ் எடுப்பதும் விடுவதும் ஒழுங்காக நடக்கும் இரு பணிகள் தமிழகக் கடற்கரையில் உள்ளன. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கின்றனர். சுமார் 45 முதல் 50 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள் அதே கடலில் விடப்படுகின்றன. தாய் ஆமைகளைக் காப்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின.

மற்றொன்று இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978-ல் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை எத்தனை பிடிக்கலாம் என்று அரசு வரையறுக்கிறது. மண்பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். நாட்டின் விஷமுறி மருந்து உற்பத்திக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இங்கே பாம்பை விடும் இருளருக்கு அந்தக் காடும் தெரியும், வயலில் இறங்குபவரும் தெரியும். நெய்யாற்றில் முதலையை விட்ட கோப்புக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நாடாளுமன்றத்தில்...

இச்சட்டத்துக்கான திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அட்டவணைகளில் பல உயிரினங்கள் விடுபட்டிருப்பதைக் குழு சுட்டிக்காட்டியது. 2022 ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காயின. அயல்நாட்டு உயிரினங்களை வளர்ப்போர் பதிவு செய்வதற்கு விரிவான புதிய அத்தியாயமே சேர்ந்தது. அவைகளில் அதிகம் பேசப்பட்டது வளர்ப்பு யானைகள் பற்றி. நம் நாட்டு ஊர்வனவற்றை வளர்த்து விடுவதற்கு முன் கரையோர ஊராட்சியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க அது நல்ல வாய்ப்பு. அது நழுவவிடப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2013-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் உள்ளூர் மக்களின் நிலையை ஆராய்வதை மறுகுடியேற்றத்தின் கட்டாயப் பகுதியாகவே வைத்துள்ளன.

வன உயிரினப் பாதுகாப்பு, 1976-ன் 42-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாறியது. மத்தியச் சட்டத்துடன் முரண்படும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இந்நிலையில், மக்களைத் தாக்கும் விலங்குகள் மீது விரைந்து நடவடிக்கை எடுக்க வகைசெய்யும் திருத்த மசோதாவைக் கேரள சட்டப்பேரவை 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. காட்டுப்பன்றியும் யானையும் புலியுமே அதற்குக் காரணம், முதலை அல்ல. ஆயினும் அங்கே வாக்கு கேட்டுச் செல்லும் எந்தக் கட்சியும், 'காட்டின் உயிருக்கு இருக்கும் சட்டம் எங்கள் உயிருக்கு இல்லையா' என்ற கேள்வியைச் சந்திக்காமல் திரும்ப முடியாது. நெய்யாற்றின் கரையில் அந்தக் கேள்வி கேட்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது.