வெள்ளைப் புள்ளியும் செம்பழுப்புக் கோடும்



அப்பா காரைக் கழுவி வெயிலில் விட்டிருக்கிறார். பளபளவென்று மின்னுகிறது. அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். கறுப்புக் கார் என்றால் சட்டென்று தெரியும். மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! "நல்ல தண்ணீரில்தானே கழுவினோம், இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

அது அழுக்கே இல்லை. கல்!

சிரிக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருப்பீர்கள். 272 படி ஏறிக் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தீர்களா? கூரையிலிருந்து கூர்கூராகக் கல் தொங்கும். அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்துவிடும். கரைந்திருந்த கல் திரும்பவும் கல்லாகவே படியும்.

கார் மேலும் இதேதான் நடக்கிறது. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட, பைகள் மட்டும் வகுப்பிலேயே கிடந்தால் எப்படியிருக்கும்? வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. அது தூக்கி வந்த சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. புரிகிறதா?

இப்படிச் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும் தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் அது மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 5 லிட்டர் ஒரு கண்ணாடிச் சுவரில் அப்படியே காய்ந்தால், 1 கிராம் கல் அதில் ஒட்டியிருக்கும். குடித்தால் கெடுதல் இல்லை. மலேசியாவின் குடிநீர்த் தரக் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இடம் உண்டு. கண்ணாடிக்குத்தான் அது ஆகாது.

மலாக்கா பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சேதி. நம் மாநிலத்தில் பத்துமலை மாதிரிச் சுண்ணாம்புக் குன்றுகள் கிடையாது. குழாய்த் தண்ணீர் ஆறுகளிலிருந்தும், டுரியான் துங்கல் போன்ற அணைகளிலிருந்தும் வருகிறது. அதில் சுண்ணாம்பு பொதுவாகக் குறைவு. ஆனால் நமக்கு வேறொரு தொல்லை இருக்கிறது.

ஆ ஃபமோசா கோட்டை வாசலைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போர்த்துகீசியர் 1511-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அதன் கல் செம்பழுப்பு நிறம். செம்புறாங்கல் என்பார்கள். அதில் இரும்பு அதிகம். இப்படி இரும்பு நிறைந்த சரளை மண்ணின் ஒரு வகைக்கு மண் ஆராய்ச்சியாளர்கள் மலாக்காவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! இந்த மண்ணில் குழாய்க் கிணறு போட்டால் தண்ணீரில் இரும்பும் கரைந்து வரலாம். 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி மலாக்காவே தவித்தது. அப்போது தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று தாத்தா பாட்டியைக் கேளுங்கள். கிணற்றுக் கதை ஒன்றாவது வரும்.

இந்த இரும்பு ஒரு கள்ளன். பூமிக்குள் காற்று இல்லாததால் நிறமில்லாமல் கரைந்திருக்கும். வாளியில் பிடித்தால் தெளிவாகவே தெரியும். கொஞ்ச நேரம் விட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுத் துருவாகி மஞ்சளிக்கும். அந்தத் தண்ணீரால் லயத்துச் சுவரையோ கோயில் மதிலையோ நாள்தோறும் கழுவினால் செம்பழுப்புக் கோடு விழும். வழி என்ன? முதலில் தண்ணீரைத் தூவிக் காற்றுப் படவிட வேண்டும். துரு அடியில் தங்கியதும் மணல் வழியாக வடிகட்ட வேண்டும்.

சரி, கட்டடம் கழுவுவதையே தொழிலாகச் செய்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? முதல் விதி: காய விடாதே! உச்சி வெயிலில் கழுவமாட்டார்கள். நிழல் விழுந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஈரம் காயுமுன் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுவார்கள்.

மலாக்கா நகரில் 110 மீட்டர் தாமிங் சாரி கோபுரம் நிற்கிறதே, அந்த மாதிரி உயரத்தில் வழித்துக்கொண்டிருப்பது லேசான வேலையா? உயரமான கண்ணாடிகளுக்கு வேறு உபாயம் உண்டு. தண்ணீரை மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளுவார்கள். பிறகு ரெசின் மணிகளுக்கு நடுவே விடுவார்கள். கரைந்திருந்த உப்பெல்லாம் போய்விடும். கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை முக்கினால் சுழியம் காட்டும். அதைத் தூரிகை வைத்த நீளக் கழியில் ஏற்றிக் கழுவினால் துடைக்கவே வேண்டாம். காய்ந்தாலும் படிவதற்கு உள்ளே எதுவும் இல்லையே!

கடையில் விற்கும் சாதாரண மென்னீராக்கி இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தமில்லை. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும். அப்போதும் புள்ளி விழும். ஈரத்துணியால் எளிதாகப் போய்விடும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே விழுந்த வெள்ளைப் புள்ளிக்கு வினிகர் போதும். அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரையும். அதற்காகச் சிமெண்டுச் சுவரிலோ பளிங்குத் தரையிலோ ஊற்றிவிடாதீர்கள். அவற்றிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. புள்ளியோடு சுவரும் சேர்ந்து கரையும்! மலாக்கா ஆற்றோரப் பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதே கதிதான்.

துருக்கறைக்கு வினிகர் சரியாகக் கேட்காது. ஆக்சாலிக் அமிலம் வேண்டும். அது பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு செய்யும் வேலை. இதே அமிலம் வீட்டுப் பின்னால் காய்க்கும் பெலிம்பிங் பூலோவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிரிஸ் கத்தியை அதன் சாற்றாலும் தேய்த்துத் துடைத்தார்கள். நாம் பார்த்த கோபுரத்தின் தாமிங் சாரி என்ற பெயரே மலாக்கா வீரர் ஹாங் துவாவின் கிரிஸ் பெயர்தான், தெரியுமா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வினிகரையோ வேறு அமிலத்தையோ குளோராக்ஸ் போன்ற வெளுப்பானோடு கலக்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும்.

இந்தச் சனிக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். கறுப்புத் தட்டு ஒன்றில் மழைநீர் ஒரு சொட்டு, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு, கிணறு இருந்தால் அதிலிருந்தும் ஒரு சொட்டு வையுங்கள். வெயிலில் காயட்டும். எது அதிகக் கறை விட்டது, என்ன நிறம் என்று எழுதுங்கள். உங்கள் ஊர் ஜாசினா, அலோர் காஜாவா, மெர்லிமாவா என்பதையும் மறக்காமல் குறித்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.