பிறர் விவரம் நம் கையில் ஓர் அமானிதம்

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு கடைவீதியிலுள்ள தேநீர்க் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் இரண்டு வடைகளை ஒரு தாளில் வைத்துத் தந்தார். தின்று முடித்துத் தாளைக் கசக்கப் போகையில், அதில் ஒரு பெண்மணியின் முகம் தெரிந்தது. விரித்துப் பார்த்தேன். அது ஒரு பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் நகல். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், வீட்டு முகவரி யாவும் எண்ணெய்க் கறைக்கு நடுவே தெளிவாக இருந்தன. ஓரத்தில் உம்ரா பயண ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தின் முத்திரை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே அந்நிறுவனத்திற்குச் சென்றேன். உரிமையாளர் வெளியூர் சென்றிருந்தார். மேசையில் இருந்த இளைஞரின் முகம் தாளைக் கண்டதும் வாடிவிட்டது. அலமாரியில் இடமில்லாமல் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டதாகச் சொன்னார். பிறகு தலையைக் குனிந்தபடி, “இதையெல்லாம் கிழித்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஹஜ்ரத்” என்றார்.

அன்றிரவு அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. அவரை நான் அறிவேன். யாரேனும் ஆயிரம் ரூபாயைத் தவறவிட்டுச் சென்றால் தெருமுனை வரை ஓடிச் சென்று கொடுத்துவிட்டு வரக்கூடியவர். பணம் அமானிதம் என்று அறிந்திருந்த அவருக்கு, ஒரு பெண்ணின் முகமும் முகவரியும் அமானிதம் என்பது தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் அளிக்கும் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த தீர்ப்பு அது. அதன்பின் பல ஆண்டு விவாதங்களுக்குப் பிறகு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்களுக்குரிய முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் அவ்விதிகள் அமைந்துள்ளன. ஆயத்தமாவதற்கென்றே தரப்பட்ட அவகாசம் இது.

இச்சட்டத்தில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. பிறருடைய விவரங்களைப் பெற்று, அவற்றை எதற்காக, எவ்வாறு பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரைச் சட்டம் ‘டேட்டா ஃபிடூஷியரி’ என்று அழைக்கிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவர் என்பதே ஃபிடூஷியரி என்னும் சொல்லின் கருத்து. நம் வழக்கில் சொன்னால், அமானிதம் பேணுபவர். இரண்டாவதாக, விவரத்துக்கு உரியவரைக் குறிக்கும் இடங்களிலெல்லாம் இச்சட்டம் ‘அவள்’ என்னும் பெண்பாற் சொல்லையே ஆண்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. வடைக்கு அடியில் அந்தப் பெண்மணியின் முகத்தைக் கண்ட எனக்கு இது பொருத்தமாகவே பட்டது.

மார்க்கம் முன்னரே சொன்னது

இவை நமக்குப் புதியவை அல்ல. பிறர் இல்லங்களுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. ஒருவர் நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்லும்போது, வேறு யாரும் கேட்கிறார்களா எனத் திரும்பிப் பார்த்தாலே போதும், அச்செய்தி அமானிதமாகிவிடுகிறது என்பது நபிமொழியின் கருத்து. மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட நேரத்திலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பொருளுக்கு உரியவர்களோ அவர்களை எதிர்த்து நின்ற ஊரார்!

யாருக்குப் பயிற்சி?

தரவுப் பாதுகாப்புப் பயிற்சி என்றதும், அது பெரிய கம்பெனிகளுக்கும் வழக்குரைஞர்களுக்கும் உரியது என்று நம் வணிகப் பெருமக்கள் எண்ணிவிடுகிறார்கள். அத்தகைய பயிற்சிகளும் உள்ளன. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சர்வதேச அந்தரங்கப் பாதுகாப்பு வல்லுநர் சங்கம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. நம் நாட்டில் இந்தியத் தரவுப் பாதுகாப்புக் குழுமமும் அவ்வாறே வழங்குகிறது. பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் இத்துறையை நாடினால் கண்ணியமான தொழில் ஒன்று அமையும்.

ஆனால் விவரங்களைக் கையால் வாங்குபவர் வழக்குரைஞர் அல்லர். மேசையில் இருக்கும் பணியாளர். ஆகவே அவருக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் செயல்படும் சட்டம், பணியாளர்களுக்குப் பயிற்சி கிடைக்கிறதா எனக் கவனிப்பதைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நம்மவர் பலர் வணிகம் செய்யும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரையேனும் இப்பொறுப்புக்கு நியமித்தாக வேண்டும். நம் நாட்டில் அத்தகைய அதிகாரி, அரசு தனியே அறிவிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயம். எனினும், கேட்பவர்களுக்கு விடையளிக்கக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை மற்ற நிறுவனங்களும் வெளியிட வேண்டும்.

ஐந்து பாடங்கள்

ஒரு பயண நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், பணியாளருக்குக் கற்பிக்க வேண்டியவற்றை ஐந்து பாடங்களில் அடக்கிவிடலாம்.

முதலாவது, தேவைக்கு மேல் கேளாதிருத்தல். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். வங்கிக் கணக்கின் விவரம் எதற்கு?

இரண்டாவது, எதற்காகக் கேட்கிறோம் என்பதை எளிய மொழியில் சொல்லி ஒப்புதல் பெறுதல். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்க வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வாங்கிய காரணத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தாதிருத்தல். உம்ராவுக்காகத் தந்த தொலைபேசி எண்ணை மனை விற்பவருக்குக் கொடுப்பது நட்பல்ல, துரோகம்.

நான்காவது, காத்தல். பாஸ்போர்ட் படங்களைப் பணியாளர் தம் சொந்தக் கைபேசியில் வைத்திருத்தல், பலர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் அனுப்புதல், ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பயன்படுத்துதல் ஆகியவை கைவிட வேண்டிய பழக்கங்கள். வேலையை வெளியிலுள்ள கணினி மையத்திடம் ஒப்படைத்திருந்தாலும், சட்டத்தின் முன் பொறுப்பாளி நிறுவனமே.

ஐந்தாவது, வேலை முடிந்ததும், சட்டமோ விதிகளோ வைத்திருக்கச் சொன்னாலன்றி அழித்துவிடுதல். கசிந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுதல். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். முழு விவரத்தை 72 மணி நேரத்திற்குள் வாரியத்திற்கு அளிக்க வேண்டும் என்கின்றன விதிகள்.

திருமணத் தகவல் மையம் நடத்துவோர் இவற்றை இருமடங்கு கவனத்துடன் கற்க வேண்டும். ஒரு குமரிப் பெண்ணின் புகைப்படம் கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேரும் என்பதை யார் அறிவார்? 18 வயது நிறையாதோர் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைச் சட்டம் பொதுவாகக் கோருகிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. ஆயினும், எங்கள் மதரஸாவின் சேர்க்கைப் படிவங்கள் பூட்டில்லாத அலமாரியில் கிடந்ததை, அந்தத் தாளைக் கண்ட பிறகே நானும் கவனித்தேன். இப்பொழுது அதற்குப் பூட்டு உண்டு.

சட்டம் எட்டாத இடம்

தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு. தவற்றின் தன்மையையும் கடுமையையும் பார்த்தே தொகை முடிவாகும். ஆனால் அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லுமேயன்றி, பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. மேலும், இச்சட்டம் கணினியில் உள்ள விவரங்களுக்கும், காகிதத்தில் பெற்றுக் கணினியில் ஏற்றியவற்றிற்கும் உரியது. வெறும் காகிதமாகவே இருப்பதை அது தொடாது.

மார்க்கமோ காகிதத்தையும் விடாது. மேலும், ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமையில் செய்த தவறு, உரியவர் மன்னித்தாலன்றி நீங்குவதில்லை. அரசுக்கு அபராதம் கட்டிவிட்டதால் அந்தப் பெண்மணியிடம் பட்ட கடன் தீராது.

ஊர் திரும்பிய உரிமையாளரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு அந்த முகவரிக்கே சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார்களாம். பிறகு, “என்னுடைய தாள் கிடைத்துவிட்டது. என்னுடன் வந்தார்களே, அவர்களுடைய தாள்களெல்லாம் எங்கே?” என்று கேட்டார்களாம். இருவரிடமும் விடை இல்லை.

மறுமாதம் ஒரு வழக்குரைஞரை வரவழைத்து, தம் பணியாளர்கள் அனைவருக்கும் ஒருநாள் பயிற்சி அளித்தார் உரிமையாளர். காகிதம் கிழிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கி வைத்துள்ளார். அந்த இளைஞரே இப்போது புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

ஒவ்வோர் ஊரிலும் வணிகர் சங்கங்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் முன்வந்தால், பள்ளிவாசல் மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி நடத்துவது பெரிய காரியமல்ல. “யாரும் சொல்லித் தரவில்லை” என்று இனியொருவர் சொல்லும்படி நாம் விட்டுவிடலாகாது. ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தபடியே காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.